வெறுங்கையோடு வெளியேறல்

கடைக்குச் சென்று ஒரு பொருளை வாங்குவதற்குப் பணம் ஒன்றே போதும். வாங்காமல் திரும்புவதற்கோ பெருந்துணிவு வேண்டும். இவ்வுண்மையை நாம் நாற்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தோம். வகுப்பறையிலே நாற்பது மாணவருக்கு முன்னே தயக்கமின்றிப் பேசப் பழகிய எமக்கு, ஒரு புடைவைக் கடையிலே நின்று, "இவற்றுள் எதுவும் எமக்கு வேண்டியதில்லை" என்று சொல்ல நா எழுவதில்லை. இக்குறை எமக்கு மட்டும் உரியதன்று என்பதை நண்பர் பலரோடு உரையாடி அறிந்துகொண்டோம். ஆதலின் எமது அனுபவத்தைச் சற்று விரித்துரைத்தல் வாசகர்க்கும் பயன்படக்கூடும்.

எமது முன்னோருக்கு ஆடி மாதம் என்றால் ஆடிக்கூழும் கொழுக்கட்டையுமே நினைவுக்கு வரும். பனங்கட்டி கரைத்து, தேங்காய்ச் சொட்டும் பயறும் இட்டுக் காய்ச்சிய கூழைப் பலாவிலையிற் கோலிக் குடித்த இன்பத்தை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் குழந்தைகளுக்காகப் பாடிவைத்துச் சென்றார். இக்காலத்திலோ தமிழ்நாட்டுப் புடைவை வணிகரிடமிருந்து வந்த மற்றோர் ஆடி எமது யாழ்ப்பாண நகரத்துக் கடைவாசல்களிலே பெரிய எழுத்துக்களில் தொங்குகிறது. "ஆடி மலிவு விற்பனை" என்பது அதன் பெயர். அத்தகைய ஓர் ஆடி மாதத்துச் சனிக்கிழமையிலே, இரண்டு கைலேஞ்சிகள் வாங்கும் எளிய நோக்கத்தோடு நாமும் எமது மனைவியாரும் நகருக்குச் சென்றோம்.

கடைவாசலிலே ஓர் இளைஞர் நின்றார். "வாங்கோ ஐயா, வாங்கோ அம்மா, உள்ளுக்கு வந்து பாருங்கோ. பார்க்கிறதுக்குக் காசில்லை" என்று அவர் அழைத்தார். பார்ப்பதற்குக் காசில்லை என்பது எத்துணைப் பெரிய பொய் என்பதை அப்போது நாம் அறிந்திலோம். உள்ளே நுழைந்ததும் மற்றோர் இளைஞர் எமக்குப் பின்னால் இரண்டடி தூரத்திலே வரத் தொடங்கினார். நாம் நின்றால் அவரும் நின்றார். நாம் திரும்பினால் அவரும் திரும்பினார். நண்பகலிலே நிழல்கூடக் காலடியில் ஒடுங்கிவிடும். இந்த நிழல் ஒடுங்கவேயில்லை.

போகிற போக்கிலே மனைவியார் ஒரு சேலையின் கரையை விரலால் தொட்டுவிட்டார். தொட்டது குற்றமாயிற்று. மறுகணமே அச்சேலை தட்டிலிருந்து இறங்கி விரிந்தது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என விரிந்து, பத்து நிமிடத்திற்குள் எமக்கு முன்னே ஒரு சேலை மலை எழுந்தது. "அம்மாவுக்கு இந்த நிறம் நல்ல எடுப்பு" என்றது ஒரு குரல். "நேற்று ஒரு டொக்டர் அம்மா இதே மாதிரி இரண்டு எடுத்தவ" என்றது இன்னொரு குரல். "இந்தக் கரையில இது ஒண்டுதான் மிச்சம்" என்றது மூன்றாவது குரல். இதற்கிடையில் எமது கையிலே குளிர்பானம் நிறைந்த ஒரு குவளை எவ்வாறோ வந்து சேர்ந்திருந்தது.

அரைமணி நேரத்தின் பின்னர் 6,990 ரூபா பெறுமதியான சேலையொன்றோடு வீதிக்கு வந்தோம். பஸ் நிலையத்தை அடைந்த பின்னரே கைலேஞ்சி வாங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. "சேலை வாங்க வந்தோமில்லையே, ஏன் எடுத்தீர்?" என்று மனைவியாரை வினவினோம். "அந்தப் பிள்ளை இவ்வளவு சேலையையும் விரிச்சுக் காட்டினதெல்லே? ஒண்டும் எடுக்காமல் எப்பிடி வாறது?" என்று அவர் கேட்டார். "நீங்கள் ஏன் அந்தக் குளிர்பானத்தைக் குடிச்சனீங்கள்?" என்றும் தொடர்ந்து கேட்டார். எம்மிடம் விடை இல்லை. அச்சேலை இன்றும் எமது அலுமாரியிலே மடிப்புக் குலையாமல் இருக்கிறது.

நிற்க. அன்று எம்மை வென்றது எது? சேலையின் அழகன்று, விலைக்கழிவுமன்று. எமது தாட்சணியமே எம்மை வென்றது. ஒருவர் எமக்காகச் சிரமப்பட்டால் நாம் அவருக்குக் கடமைப்பட்டவராகிறோம் என்பது எமது மக்களின் நல்ல குணங்களுள் ஒன்று. வீட்டுக்கு வந்தவரை வெறுவாயோடு அனுப்பலாகாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு, கடையிலிருந்து வெறுங்கையோடு வெளியேறுவதும் ஒருவகை மரியாதைக்குறைவாகவே தோன்றுகிறது. எமது பண்பாட்டின் இம்மென்மையான இடத்தை நன்கறிந்தே அம்மலை எம்முன் அடுக்கப்பட்டது. குளிர்பானம் விருந்தோம்பலின் வேடம். "ஒண்டுதான் மிச்சம்" என்பது அவசரத்தின் வேடம். "டொக்டர் அம்மா" என்பது பெருமையின் வேடம்.

இத்தகைய உத்திகளை ஆராய்ந்தோரும் உளர். 1966ஆம் ஆண்டிலே அமெரிக்காவைச் சேர்ந்த பிறீட்மன், பிறேசர் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதலிலே மிகச் சிறியதொரு வேண்டுகோளுக்கு இசைந்தவர்கள், பின்னர் வரும் பெரிய வேண்டுகோளுக்கும் எளிதில் இசைகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. "எடுக்க வேண்டாம், சும்மா ஒருக்கால் போட்டுப் பாருங்கோ" என்று சப்பாத்துக் கடையிலே சொல்லும்போது, அங்கே நடைபெறுவதும் அதுவே. காலை நுழைத்தவர் பையையும் திறந்துவிடுகிறார்.

இவை மட்டுமல்ல. 2,990 ரூபா என்று எழுதப்பட்ட விலையை எமது மனம் இரண்டாயிரம் என்றே வாசிக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்கெழுதும்போதுதான் அது மூவாயிரமாகிறது. சுப்பர் மார்க்கெற்றிலே காசாளர் பணத்தைப் பெறுமுன்னர் எமது தொலைபேசி இலக்கத்தைக் கேட்கிறார். ஒரு தேங்காயும் ஒரு சவர்க்காரமும் வாங்குவதற்கு எமது இலக்கம் எதற்கு என்று நாம் எண்ணுவதற்குள் வாய் அதனைச் சொல்லி முடித்துவிடுகிறது. அன்று தொடங்கி, நள்ளிரவிலும் எமக்கு மலிவு விலைச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன.

சில்லறையின் கதை இன்னும் சுவையானது. ஐந்து ரூபா மிச்சம் தரவேண்டிய இடத்திலே இரண்டு ரொபிகளைத் தருவது பல கடைகளின் வழக்கம். நாம் ஒருமுறை அவ்வாறு கிடைத்த ரொபிகளைச் சேர்த்துவைத்து, அதே கடையிலே ஒரு தீப்பெட்டிக்கு விலையாக நீட்டினோம். காசாளர் சிரித்தார், வாங்க மறுத்துவிட்டார். கடைக்காரர் தரும்போது அது நாணயம். நாம் தரும்போது அது வெறும் இனிப்பு. நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள் உண்டென்பதை அன்று மீண்டும் ஒருமுறை நினைத்துக்கொண்டோம்.

அக்காலத்துக் கடைகள் இவ்வாறு இருந்தனவா என்று இளைய வாசகர் கேட்கலாம். எமது ஊர்ச் சந்தியிலே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின்னர், பொருளாதாரத் தடைக் காலத்திலே, சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் மின்கலங்களும் குடாநாட்டிலே கிடைத்தற்கு அரியனவாயின. ஜாம் போத்தலிலே திரியிட்டுச் செய்த சிறு விளக்கின் ஒளியிலே நாம் பாடம் படித்த காலம் அது. அக்கடைக்காரர் எங்கிருந்தோ ஒரு சவர்க்காரக் கட்டியைப் பெற்றுவிட்டால், அதனை நூலினாலே நான்காக அறுத்து நான்கு வீடுகளுக்குக் கொடுப்பார். ஒரு நாள் நாம் பயறு வாங்கச் சென்றபோது, "தம்பி, இது பழசு, வண்டு விழுந்திட்டுது. அம்மாட்டைச் சொல்லு, நாளையிண்டைக்குப் புதுசு வரும்" என்று சொல்லிக் காசைத் திருப்பித் தந்தார். வாங்க வந்த சிறுவனை வெறுங்கையோடு அனுப்பிய வணிகரை அதன் பின்னர் நாம் எங்கும் கண்டதில்லை.

அவரைத் தெய்வமாக்குதல் எமது நோக்கமன்று. பெரியவர்கள் வந்தால் சிறுவரான எம்மை அரைமணி நேரம் காக்கவைப்பார். கடன் கொப்பியிலே எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி உரத்து வாசிப்பார். எனினும் அவர் நாளைக்கும் எம் முகத்திலே விழிக்கவேண்டியவர் என்பதை அறிந்திருந்தார். இன்றைய பெருங்கடைக்கு எமது முகம் தேவையில்லை. தொலைபேசி இலக்கமே போதும்.

வரலாற்றைப் பார்த்தால், வாடிக்கையாளரின் சங்கடத்தைப் போக்கவேண்டும் என்னும் எண்ணமும் வணிகரிடமிருந்தே பிறந்தது தெரியவரும். பாரிஸ் நகரத்து 'பொன் மார்ஷே' என்னும் கடையிலே 1852ஆம் ஆண்டிலே பங்காளராகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிக்கோ, பேரம் பேசுதலை ஒழித்து ஒவ்வொரு பொருளுக்கும் விலையை எழுதிவைத்தார். வாங்கும் கட்டாயமின்றி எவரும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார். பிடிக்காத பொருளைத் திருப்பித் தரவும் இடமளித்தார். அவ்வாறு செய்தும் அவர் நட்டமடைந்தாரில்லை, பெருஞ்செல்வரானார். 1916ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலே கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளர் தாமே கூடையை ஏந்திச் சென்று தமக்கு வேண்டியதை எடுக்கும் கடையைத் திறந்தார். இன்றைய சுப்பர் மார்க்கெற்றுகளின் முன்னோடி அதுவே. பார்க்கும் சுதந்திரமும் எடுக்கும் சுதந்திரமும் இவ்வாறு பிறந்தன. நாமோ அவ்விரண்டையும் பெற்ற பின்னரும், எமக்குப் பின்னால் ஒருவரை நடக்கவிட்டிருக்கிறோம்.

பாரிஸ் நகரத்து அப்பெருங்கடைகளை ஆராய்ந்து எமில் ஸோலா 1883ஆம் ஆண்டிலே ஒரு நாவலை வெளியிட்டார். அதன் நடுநாயகமாக நிற்பவள் செல்வச் சீமாட்டியல்லள். விற்பனைப் பகுதியிலே வேலை செய்யும் ஓர் ஏழைப் பெண். இதனை நாம் பட்டப்படிப்புக் காலத்திலேயே அறிந்திருந்தோம். அறிந்திருந்தும் அதன் பொருளை உணரவில்லை என்பதைக் கீழ்வரும் நிகழ்ச்சியே எமக்குக் காட்டியது.

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்னர், ஒரு மேற்சட்டை வாங்குவதற்காக மற்றொரு கடைக்குத் தனியே சென்றோம். ஆடி மாதத்துத் தோல்வி எமது நெஞ்சை விட்டு அகலவில்லை. இம்முறை எவருக்கும் மசிவதில்லை என்னும் உறுதியோடு உள்ளே புகுந்தோம். எதிர்பார்த்தபடியே ஒரு நிழல் பின்தொடர்ந்தது. இம்முறை அஃது ஒரு பெண்பிள்ளை. ஒரு மேற்சட்டையை எடுத்துப் பார்த்தோம். அவள் நான்கை விரித்தாள். அடுத்த தட்டுக்கு நகர்ந்தோம், அவளும் நகர்ந்தாள். மூன்றாவது தட்டிலே எமது பொறுமை அறுந்தது.

"நாங்கள் களவெடுக்கவோ வந்தனாங்கள்? ஏன் பின்னாலேயே வாறாய்?" என்று சற்று உரத்தே கேட்டுவிட்டோம். கடையிலிருந்த பலர் திரும்பிப் பார்த்தனர். அப்பிள்ளையின் முகம் வெளிறியது. "இல்லை, சேர்" என்று மெல்லச் சொல்லி இரண்டடி பின்னே சென்றாள். நாம் ஒன்றும் வாங்காமல், தலைநிமிர்ந்து, வெறுங்கையோடு வெளியேறினோம். நெடுநாள் முயன்ற வித்தையொன்று கைவந்தது போன்ற மகிழ்ச்சி எமக்கு உண்டாயிற்று. உண்மையைச் சொல்வதானால், அன்று வீட்டிலே இவ்வெற்றியைப் பெருமையோடு எடுத்துரைக்கவும் செய்தோம்.

நான்கைந்து நாட்களின் பின்னர், பொது நூலகத்திலே ஒரு நூல் வெளியீட்டுக் கூட்டம் முடிந்து, இருட்டிய நேரத்திலே பஸ் நிலையத்தில் நின்றோம். சீமெந்து வாங்கிலே ஒரு பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைத் தடவிக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றாள்.

"சேர், என்னைத் தெரியேல்லையோ?"

அதே பிள்ளை. எமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அண்டைக்கு அந்தக் கடையில…" என்று தொடங்கினோம்.

"அதுக்கு முதலும் தெரியும், சேர். நீங்கள் எங்கட பள்ளிக்கூடத்தில படிப்பிக்கேக்க நான் பத்தாம் ஆண்டு. நீங்கள்தான் எங்களுக்குத் திருக்குறள் படிப்பிச்சனீங்கள்."

ஆம், இப்போதைய கல்லூரிக்கு வருமுன்னர் நாம் கற்பித்த கிராமப் பாடசாலை அது. பின்வரிசையிலே இருந்து, கேட்டால் மட்டுமே விடை சொல்லும் ஒரு சிறுமியின் முகம் மெல்ல நினைவுக்கு வந்தது. சாதாரண தரப் பரீட்சையின் பின்னர் தந்தையார் நோயுற்றதனாலே மேலே படிக்கவில்லை என்றாள். கடையிலே அவள் "சேர்" என்று சொன்னதை நாம் பொருட்படுத்தவில்லை. எல்லாரும் எல்லாரையும் அவ்வாறே அழைக்கும் காலமன்றோ இது! அவளோ எம்மை அறிந்தே அழைத்திருக்கிறாள்.

"பிள்ளை, அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சது பிழை" என்றோம். எமது ஆசிரிய வாழ்விலே ஒரு மாணவியிடம் இவ்வாறு சொன்னது அதுவே முதன்முறை.

"ஐயோ, அதுக்கென்ன சேர்" என்று அவள் பதறினாள். "நாங்கள் விருப்பத்திலயோ பின்னால வாறம்? வராட்டிக் கமெராவில பார்த்திட்டு மனேச்சர் கூப்பிடுவார். ஆக்கள் சும்மா வெளிய போனால், ஏன் விட்டனீ எண்டு கேட்பார். பின்னால போனால் ஆக்கள் பேசுவினம்; போகாட்டி அவர் பேசுவார்."

"கடையில இருக்கேலாதோ?"

"கதிரை இல்லை, சேர். சாப்பிடேக்க மட்டும் இருக்கலாம்."

அதற்குள் அவளுடைய பஸ் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். நாம் அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டு அங்கேயே நின்றோம்.

திருக்குறளிலே நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம்முடையது போலப் பேணுதலே வாணிகம் செய்வோர்க்குரிய நல்வாணிகம் என்பது அதன் கருத்து. அக்குறளை அவளுக்கு நாமே கற்பித்தோம். அதனை விற்பவருக்குரிய அறமாக மட்டுமே விளக்கினோம். வாங்குபவருக்கும் ஓர் அறமுண்டு என்பதைக் கற்பிக்கத் தவறினோம். அத்தவறுக்குரிய தண்டனையை அப்பிள்ளையே எம்மிடமிருந்து பெற்றாள்.

வீடு சென்று எமது நாட்டுச் சட்டங்களைச் சற்றுத் தேடிப் படித்தோம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாகும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் வாரமொன்றுக்கு 45 மணி நேரமும் சாதாரண வேலை நேரத்தின் எல்லையென அது வகுத்திருக்கிறது. அண்டை நாடான இந்தியாவிலே கேரள மாநிலம் 2018ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2021ஆம் ஆண்டிலும், கடை ஊழியர் இருப்பதற்கு இருக்கை வழங்கவேண்டும் என்று தமது சட்டங்களைத் திருத்தின. சென்னைப் புடைவைக் கடை ஊழியரின் வாழ்வைக் காட்டிய 'அங்காடித் தெரு' என்னும் திரைப்படம் 2010ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அதனைக் கண்டு கண்கலங்கியோர் எமது நாட்டிலும் பலர். நாமும் அவர்களுள் ஒருவரே. திரையிலே கண்டவரை நகரத்துக் கடையிலே கண்டபோது அடையாளம் காணவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரத்தின் பின்னர் அக்கடைக்கு மீண்டும் சென்று முதலாளியைச் சந்தித்தோம். அப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், வாடிக்கையாளர் என்னும் முறையிலே எமது குறையைக் கூறினோம். "பின்னால் ஒருவர் வந்தால் எமக்குப் பார்க்கவே மனம் வருவதில்லை, வாங்க நினைத்ததையும் வாங்காமற் போகிறோம். அவர்களை ஓரிடத்தில் இருக்கவிடுங்கள், தேவையானால் நாமே அழைப்போம்" என்றோம்.

முதலாளி மரியாதையாகவே கேட்டார். பின்னர் அவர் சொன்ன மறுமொழியை இன்றுவரை எம்மால் மறக்க முடியவில்லை. "சேர், கடை வாடகையும் வங்கிக் கடனும் நான்தான் கட்டவேணும். ஒரு ஆள் சும்மா போனால், ஏன் போனவர் எண்டு கேட்கிறதில என்ன பிழை? உங்கட பள்ளிக்கூடத்தில பெறுபேறு குறைஞ்சால் அதிபர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டாரோ? நீங்கள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளையளைப் பேசமாட்டியளோ?"

நாம் மறுமொழி சொல்லவில்லை. சொல்ல இயலவுமில்லை. மேலேயிருந்து வரும் அழுத்தத்தை ஒவ்வொருவரும் தமக்குக் கீழேயுள்ளவர் தலையிலே இறக்கிவைக்கிறோம். முதலாளி மேற்பார்வையாளரிடமும், அவர் விற்பனைப் பெண்ணிடமும் இறக்கிவைக்கின்றனர். வாடிக்கையாளரான நாமும் அவள்மேலேயே இறக்கிவைத்தோம். இருபுறமும் அடிவாங்கும் மத்தளம் எதுவும் பேசுவதில்லை.

ஆயினும் வாடிக்கையாளர் வாய்மூடி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பது எமது கருத்தன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் எமக்குப் பல உரிமைகளைத் தந்திருக்கிறது. விலையைக் காட்சிப்படுத்துவதும் கேட்டவர்க்குப் பற்றுச்சிட்டை வழங்குவதும் வணிகரின் கடமை. தவறான விளம்பரத்தால் மயக்குவது குற்றம். முறைப்பாடு செய்ய 1977 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. விற்ற பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருத்தல் வேண்டும் என்னும் நியதி 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டது. "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று சிட்டையின் அடியிலே அச்சடித்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதென எண்ணி, பழுதான பொருளோடு பேசாமல் வீடு திரும்புதல் வேண்டா. தனிப்பட்ட விபரங்களைப் பாதுகாப்பதற்கும் 2022ஆம் ஆண்டிலே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, "இலக்கம் தர விருப்பமில்லை" என்று புன்னகையோடு சொல்வதில் தவறேதுமில்லை.

கண்டிப்பை முதலாளியிடம் காட்டுவோம். கனிவை ஊழியரிடம் காட்டுவோம். நாம் இதுகாறும் அதனைத் தலைகீழாகவே செய்துவந்தோம். முதலாளியைக் கண்டால் சிரித்துத் தலையாட்டிவிட்டு, ஊழியர்மேல் எரிந்துவிழுந்தோம். இப்போது எமது வீட்டிலே ஒரு சிறு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கடைக்குள் நுழைந்ததும், தட்டிலிருந்து ஒன்றும் இறங்குமுன்னரே, "இன்று இது ஒன்றே வேண்டும், மற்றவற்றை விரிக்கவேண்டாம், பிள்ளை, பிறகு மடிப்பது உங்களுக்குத்தானே சிரமம்" என்று சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொன்னவுடன் எதிரே நிற்கும் முகத்திலே தோன்றும் ஆறுதல், எத்தனை வீதக் கழிவிலும் கிடைக்காதது. குளிர்பானத்தைக் கைகூப்பி மறுக்கவும் பழகிவிட்டோம்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள், மகளுக்குப் பாவாடைத் துணி பார்ப்பதற்காக அக்கடைக்கு மனைவியாரோடு சென்றோம். தேடிய நிறம் அங்கே இல்லை. தட்டுகளுக்கிடையே ஒரு மூலையிலே சிவப்பு நிறப் பிளாஸ்ரிக் முக்காலி ஒன்று இருந்தது. அதனை இருப்பதற்காக வைத்தார்களா, மேல்தட்டிலுள்ள துணியை எட்டி எடுப்பதற்காக வைத்தார்களா என்பது தெரியவில்லை. அதிலே எவரும் இருக்கவுமில்லை. கடை முழுவதும் நின்றுகொண்டேயிருந்தது.

வாசலை நோக்கி நடந்தபோது அப்பிள்ளை எதிர்ப்பட்டாள். கமெரா இருக்கும் பக்கம் ஒருமுறை அவள் கண்கள் சென்று மீண்டன. நாம் உடனே காசாளர் மேசைக்குச் சென்று, முதலாளிக்குக் கேட்கும்படியாகவே, "பிள்ளையள் நல்லாய்க் காட்டினவை, நாங்கள் தேடின நிறம்தான் இல்லை. வந்தால் சொல்லுங்கோ, திரும்பி வருவம்" என்றோம். முதலாளி எம்மை நிமிர்ந்து பார்த்தார், தலையசைத்தார். எமது கையிலே ஒன்றுமில்லை. மனத்திலே அன்றைய பொய்ப்பெருமையும் இல்லை.

"போட்டு வாங்கோ, சேர்" என்றாள் அப்பிள்ளை.

"போட்டு வாறம், பிள்ளை" என்று சொல்லி வெளியே வந்தோம்.